ஏற்காட்டு ஸ்நோ

என் மாமா ஒரு திருடர். இதைச் சொல்ல எனக்கு ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது. அம்மா இருந்தவரை அந்த வார்த்தையை வீட்டில் யாரும் எடுக்க முடியாது. தம்பி என்றால் அவளுக்கு அப்படி. இப்போது இரண்டு பேரும் இல்லை, அதனால் சொல்கிறேன். திருடர்தான். ஆனால் அவரைப் போல என்னைச் சிரிக்க வைத்தவர் வேறு யாரும் இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், அவரைப் போலவே நானும் பாதி உண்மையை விற்றவள் ஆகிவிடுவேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஏற்காட்டில் கடைவீதிக்குப் பின்னால், ஏரிக்குப் போகும் சரிவில் எங்கள் வீடு. அப்பா ஒரு லாட்ஜில் விறகு அடுப்பு மூட்டி வெந்நீர் போடுபவர். அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போவாள். மலையில் காப்பி பழுப்பதும் பனி கொட்டுவதும் ஒரே மாதங்களில்தான். காலையில் செடிக்குள் கையை விட்டால் முழங்கை வரை நனையும். பிறகு காற்று வந்து அந்த ஈரத்தை உறிஞ்சும், கூடவே தோலையும் உறிஞ்சும். மார்கழி பாதி தாண்டுவதற்குள் அம்மாவின் குதிகாலில் ஒரு பைசாக் காசைச் செருகி வைக்கலாம், அவ்வளவு வெடிப்பு. எங்கள் கை கால்களோ சாம்பல் பூத்துவிடும். அந்தத் தோலில் நகத்தால் கோடு போட்டால் வெள்ளையாக நிற்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்துப் பெண் என் முழங்கையில் வீட்டுக்கணக்கே போட்டுப் பார்ப்பாள்.

இதற்கெல்லாம் வீட்டில் மருந்து இருந்தது. உதட்டுக்கு விளக்கெண்ணெய். குதிகாலுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும். முகத்துக்குப் பாசிப்பயறு மாவு, அதோடு வெயிலில் காயவைத்து இடித்த ஆரஞ்சுத் தோல். எஸ்டேட்டுகளில் காப்பிக்கு நடுவே ஆரஞ்சு மரங்கள் நின்ற காலம் அது, தோலுக்குப் பஞ்சமே இல்லை. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து, அடிவாரத்திலிருந்து வரும் அரப்புத் தூளைக் கரைத்துத் தேய்த்துக் குளிப்போம். பச்சைக் குழம்பு மாதிரி இருக்கும், கண்ணில் பட்டால் அன்றைக்கு முழுக்க அழவேண்டியதுதான். இன்று இதையெல்லாம் 'இயற்கை' என்று கண்ணாடிக் குப்பியில் அடைத்து, ஆங்கிலத்தில் பெயர் எழுதி விற்கிறார்கள். எங்களுக்கு அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. சமையலறையில் இருந்தது, தடவினோம்.

எல்லாவற்றுக்கும் மேலே தேங்காயெண்ணெய். அது மலையில் பனிக்காலம் முழுக்க உறைந்தே கிடக்கும். அம்மா காலையில் எண்ணெய் டப்பாவை அடுப்பு ஓரம் நகர்த்தி வைப்பாள். ஓரத்தில் மட்டும் உருகி, நடுவில் வெள்ளைக் கட்டி மிதக்கும். அந்தக் கட்டியை விரலால் அமுக்கி அமுக்கி முங்க விடுவது என் விளையாட்டு. விறகுப் புகையும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை இப்போதும் எங்காவது வந்தால் நான் நின்றுவிடுகிறேன்.

கார்த்திகை முடியும் சமயத்தில் மாமா அடிவாரத்துக் குப்பனூரிலிருந்து மேலே வந்தார். கீழே ஏதோ வேலையை விட்டிருந்தார், அல்லது வேலை அவரை விட்டிருந்தது. வந்த மூன்றாம் நாள் மத்தியானம் எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"ஏக்கா, உச்சி வெயில்லகூட உருகாதா இது?"

"வெயில் எங்கடா இருக்குது இங்க? பனி எறங்குறதுக்குள்ள அடுத்த பனி வந்துருது."

"கீழ எல்லாம் விடியக்காலம் கொஞ்சம் உறையும். சூரியனைப் பாத்தா ஓடிரும்" என்று சொல்லிவிட்டு, ஒரு மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே அம்மா அவரை விரட்டியிருக்க வேண்டும். விரட்டவில்லை. இன்னொரு தோசை போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் தொழில் ஆரம்பித்தது. வீட்டில் மாதம் முழுவதற்கும் வாங்கி வைத்திருந்த எண்ணெயை உருக்கி, ஆரஞ்சுத் தோல் தூளைப் போட்டு, துணியில் வடிகட்டி, வாசலில் பனியில் வைத்தார். பாதி உறைந்ததும் மோர் கடையும் மத்தை எடுத்துக் கடைந்தார். எண்ணெய் பொங்கிப் பொங்கி, வெண்ணெயைவிட வெள்ளையாக, பஞ்சு மாதிரி நின்றது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அதைச் சின்ன அலுமினிய டப்பாக்களில் வழித்து வைத்து, மேலே விரல் நுனியால் ஒரு சுழி போட்டார். அந்தக் காலத்தில் முகத்துக்குப் பூசும் வெள்ளைக் க்ரீமை 'ஸ்நோ' என்றுதான் சொல்வார்கள். மாமா தன் சரக்குக்கு 'ஏற்காட்டு ஸ்நோ' என்று பெயர் வைத்தார்.

பிறகு என் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வலது கைக்கு தினமும் ஸ்நோ. இடது கைக்கு ஒண்ணுமே கெடையாது. பொங்கல் வரைக்கும் அப்படியே வெச்சுக்கோணும். வெச்சுக்கிட்டீன்னா சாமி, பொங்கலுக்கு உன்னை பஸ்ஸுல சேலம் கூட்டிட்டுப் போறேன்."

நான் அதுவரை மலையை விட்டு இறங்கியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் சேலம் பார்க்காதவர்கள் நானும் ஒரு நொண்டிப் பையனும் மட்டும்தான். சேலத்துக்காக நான் இரண்டு காலையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

மாமா எதையும் அரைகுறையாகச் செய்பவர் இல்லை. இடது கை தானாகச் சாம்பல் பூப்பது அவருக்குப் போதவில்லை. தினமும் காலையில் துணி துவைக்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்துக் கழுவி, அப்படியே காற்றில் காயவிடுவார். தேய்க்கும்போது எனக்குப் பாட்டுப் பாடுவார், எஸ்டேட் துரை மாதிரி நடந்து காட்டுவார். நான் சிரித்துக்கொண்டே கையை நீட்டிக்கொண்டிருப்பேன். பத்தே நாளில் வலது கை பூசணிப்பூ மாதிரி ஆகிவிட்டது. இடது கை பல்லியின் முதுகு மாதிரி இருந்தது. மடக்கினால் முழங்கையில் வெடித்து ரத்தக்கோடு தெரியும். அரிக்கும், ஆனால் சொறியக்கூடாது. சொறிந்தால் கோடு விழுந்து காட்சி கெட்டுவிடும்.

அம்மா ஒரு தடவை கேட்டாள். "ஏன்டா, புள்ளை கை என்னத்துக்கு ஆகும்?"

"கைதானக்கா. மொளைக்கற வயசு."

அம்மா சிரித்துவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் எண்ணெய் இல்லாததால் அவளும் வெறும் தலைக்கே அரப்புப் போட்டுக் குளித்து, தேங்காய் நார் மாதிரி முடியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதைப் பற்றி நானும் கேட்கவில்லை. எனக்குச் சேலம்தான் கண்ணுக்குள் நின்றது.

பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நாங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். மாமா கூடையோடு நிற்பார், நான் பக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பேன்.

"ஏனுங்க, இந்தப் புள்ளை கையைக் கொஞ்சம் பாருங்க. ஒரே புள்ளை, ஒரே ரத்தமுங்க. இது ஸ்நோ போட்ட கை. இது போடாத கை. ஊட்டியிலகூட இந்த ஸ்நோ கெடைக்காதுங்க!"

பெண்கள் என் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். "அய்யோ, இந்தக் கையப் பாரேன்" என்று முகம் சுளிப்பார்கள். உடனே டப்பா வாங்குவார்கள். பஸ் கண்டக்டர் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன கண்ணு, ஒரு டிக்கெட்டா ரெண்டு டிக்கெட்டா? அந்தக் கை வேற ஊட்டுப் புள்ளை கையாட்டம் இருக்குது" என்பார். எனக்கு அதில் பெருமை. ஊரில் என்னை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு விஷயம் எனக்கு விசித்திரமாக இருந்தது. மலைக்கு வந்து இறங்குகிறவர்களிடம் மாமா விற்கவே மாட்டார். லாட்ஜில் தங்குகிறவர்கள் கேட்டாலும், "போறப்ப வாங்கிக்குங்க" என்பார். கீழே போகிற பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு மட்டும், அதுவும் கண்டக்டர் விசில் ஊதும்போது, ஜன்னல் வழியாகத் திணிப்பார். அது வியாபார சாமர்த்தியம் என்று நினைத்தேன். சாமர்த்தியம்தான். இங்கேயே தங்குகிறவர் தடவிப் பார்த்தால் எண்ணெய் என்று கண்டுபிடித்து மறுநாளே வந்து நிற்பார். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம் போய்ச் சேருவதற்குள் ஸ்நோ மறுபடியும் எண்ணெயாகிவிடும். ஒரு டப்பா எண்ணெய்க்காகத் திரும்ப மலையேறி வந்து சண்டை போடுகிறவர் யார்?

ஒருவர் வந்தார். பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது.

நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. காலை பஸ்ஸிலிருந்து இறங்கி, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நேராக எங்களிடம் வந்தார்.

"ஏனுங்க ஸ்நோக்காரரே, சௌக்கியமுங்களா?"

மாமா பல்லைக் காட்டினார். ஆளை அடையாளம் தெரியவில்லை.

"போன வாரம் உங்ககிட்ட ஒரு டப்பா வாங்குனனுங்க. கல்யாணத்துக்குப் போற பட்டுச் சேலைக்கு நடுவுல வெச்சேன். சேலத்துல போய்ப் பொட்டியைத் தொறந்தா, சேலை பூரா எண்ணெய். என்ற நாத்தனா 'என்ன அண்ணி, வடை சுட்டீங்களா'ங்கறா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா பதறவே இல்லை.

"அப்படி இருக்காதுங்களே அம்மா. டப்பாவைக் காட்டுங்க பாக்கலாம்."

அந்த அம்மா பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். சேலையில் கொட்டியது போக மீதி எண்ணெய், மலை ஏறி வந்த வழியிலேயே மறுபடியும் உறைந்துபோயிருந்தது. கெட்டியாக, வெள்ளையாக, டப்பாவுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"பாருங்க சாமி, பாருங்க!" மாமா டப்பாவை வாங்கி எல்லாருக்கும் காட்டினார். "எண்ணெயாமா! கட்டியா நிக்குது! அம்மா பொட்டிக்குள்ள நெசமாலுமே வடைதான் வெச்சிருந்தாங்களோ என்னமோ!"

இப்போது கூட்டம் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. கண்டக்டர் விசிலையே ஊதிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. டப்பாவைப் பிடுங்கி, ஒரு விரலால் தோண்டி எடுத்தார். தேய்த்துக் காட்ட ஏதாவது வேண்டுமே என்று பார்த்தவர், நீட்டிக்கொண்டிருந்த என் இடது கையைப் பிடித்தார். பரபரவென்று தேய்த்தார். கட்டி கரைந்து எண்ணெயாக வழிந்தது. தேங்காய் வாசனை எல்லார் மூக்கிலும் ஏறியது.

"என்னதுங்க இது? ஸ்நோவா? எங்க ஊட்டுத் தாளிப்பு வாசம் அடிக்குது!" என்று சத்தம் போட்டுக்கொண்டே தேய்த்தவரின் கை, முழங்கைக்கு வந்ததும் நின்றது. வெடிப்பைப் பார்த்துவிட்டார். சத்தம் இறங்கிவிட்டது. "ஏங்கண்ணு, இது என்ன ரத்தமா? ஊட்டுல ஒரு சொட்டு எண்ணெய்கூடவா இல்லை? நாங்க எஸ்டேட்டுக்குப் புதுசா வந்த ரைட்டர் ஊடு. உங்கம்மாவை வரச்சொல்லு, நான் தர்றேன்" என்றார். அம்மா வேலை செய்யும் எஸ்டேட்டின் பெயரைச் சொன்னார். பிறகு இன்னொரு விரல் எண்ணெய் எடுத்து, இப்போது மெதுவாக, என் மணிக்கட்டு வரை தடவினார்.

'ரைட்டர் ஊடு' என்றதும் மாமாவின் முகம் தொங்கிவிட்டது. அம்மாவின் பேரைக் கூலி நோட்டில் எழுதுவதும் அடிப்பதும் அந்த ரைட்டர் கையில்தான். சேலம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. மாமா கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். ஜன்னலில் தலையை நீட்டி, "நாளைக்கு வந்துடுவேன் சாமி, ஊட்டுக்குப் போ!" என்று கத்தினார்.

நான் ஓடினேன். முதல் வளைவு வரை ஓடினேன். பஸ் பனிக்குள் போய், சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

திரும்பி வந்தபோது அந்த அம்மா என் முழங்கையைப் பார்க்க மறுபடியும் கையை நீட்டினார். நான் அதைத் தட்டிவிட்டேன். "உங்களை யாரு தடவச் சொன்னா? என்ற கையைக் கெடுத்துட்டீங்க!" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். பாவாடையால் எண்ணெயைத் துடைத்தேன். போகவில்லை. கீழே உட்கார்ந்து மண்ணை அள்ளித் தேய்த்தேன். வெடிப்பில் மண் பட்டு எரிந்தது. அவர் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எரியுதா சாமி? எரியுதா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அம்மாவின் பேரை யாரும் அடிக்கவில்லை. சாயங்காலம் எஸ்டேட்டிலிருந்து அவள் ஒரு குப்பி எண்ணெயோடு வந்தாள். வந்ததும் எனக்கு இரண்டு அடி விழுந்தது, பெரிய மனுஷியை எதிர்த்துப் பேசியதற்கு. தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடித்த கையாலேயே எண்ணெயை எடுத்துக்கொண்டு என் இடது கையைப் பிடித்தாள். நான் உதறிக்கொண்டு போனேன்.

மறுநாள் மாமா வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. நான் விட்டுவிடவில்லை. தினமும் காலையில், அவர் செய்தபடியே, துணி சோப்பை எடுத்து இடது கையை நானே தேய்த்துக் கழுவினேன். காற்றில் நீட்டிக் காயவைத்தேன். அம்மா எண்ணெயோடு வந்தால் ஓடினேன். மாசி வந்தது, பனி விட்டது, காப்பிச் செடி பூத்து மலை முழுக்க மணத்தது. ஊரில் எல்லார் தோலும் தானாகச் சரியாகிவிட்டது. என் இடது கை மட்டும் வெடித்தபடியே இருந்தது. மாமா எப்போது வந்தாலும் தயாராக இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். அதை அவருடைய பொருளைப் போலப் பாதுகாத்தேன். அதுவும் என்னுடைய கைதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.