மூன்று குடும்பத்தின் படகு

பொருள்நோக்கு நிரலாக்கம் பற்றி ஐரோப்பாவில் வருடந்தோறும் ஓர் ஆய்வு மாநாடு நடக்கிறது. வருடத்துக்கு ஒரு ஊர். நான் ஒன்றுக்கும் போனதில்லை. காரைக்காலில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். தலத்தெருவில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். ஆனாலும் அந்த மாநாட்டின் கதையை என்னைவிட அதிகம் தெரிந்தவர் இந்தக் கடற்கரையில் யாரும் இல்லை என்று அடித்துச் சொல்வேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

நிரலை, அதாவது கணினி ப்ரோகிராமை, வெறும் கட்டளை வரிசையாக எழுதாமல், தனக்கென்று தகவலும் வேலையும் உள்ள தனித்தனிப் பொருள்களாக எழுதுவது, அவ்வளவுதான் விஷயம். மாநாட்டின் ஆரம்பகாலக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால் கல்யாண வீட்டுக் கூச்சல்தான். எந்த நிரல் மொழி உசத்தி, ஒரு பொருள் இன்னொன்றின் குணங்களை அப்படியே வாங்கிக்கொள்வது நல்லதா கெட்டதா என்று ஒரே சண்டை. பிறகு கூச்சல் அடங்கியது. நிரல் தப்பு செய்யாது என்று கணிதத்தால் நிரூபிக்கிறவர்கள் வந்தார்கள். இப்போது பல கட்டுரைகளில் ‘பொருள்’ என்ற சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மாநாட்டின் பெயரில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது சாரால். சென்னையில் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்தவர். மாநாட்டுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பிடும் குழுவில் பல வருடமாக இருக்கிறார். தனக்கு வருவதில் நாலைந்தை எனக்குத் தள்ளிவிடுவார். நான் படித்து மதிப்புரை எழுதித் தருவேன். அது அவர் கணக்கில் போகும். மதிப்பிட்டவர் யார் என்று கட்டுரை எழுதியவருக்குச் சொல்லக் கூடாது என்பது அங்கே முறை. ஆனால் உதவி செய்தவர்களின் பெயர்களை ஒவ்வொரு வருடத் தொகுப்பிலும் பொடி எழுத்தில் போடுவார்கள். என் பெயரைக் கொடுக்க சார் தவறாமல் மறந்துபோவார். “அடுத்த தடவை கண்டிப்பா குடுத்துடுறேம்மா” என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்; வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடாது. அங்கே ஒரே ஓர் ஆளுக்காவது நான் இருப்பது தெரிந்தால் போதும் என்று ஏங்கியிருக்கிறேன்.

ஒரு மாங்கனித் திருவிழாவன்று கீழ்வீட்டு அக்கா மேலே ஏறி வந்தார். “மாம்பழம் எறைக்கிறதப் பாக்க வாங்க டீச்சர். ஒத்தையா உக்காந்து என்னதான் பண்றீங்க?” வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். கையில் இருந்த கட்டுரை, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே உரிமையாளர் இருந்தால் நிரல் குழம்பாது என்று சாதித்தது. எனக்குப் பக்கத்துக் கடலோர ஊரான திருவேட்டக்குடி நினைவுக்கு வந்தது. அங்கே என் மாணவி ஒருத்தியின் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது அவள் அப்பா தன் படகைக் காட்டினார். மூன்று குடும்பத்துக்குச் சொந்தம். ஒருவர் எஞ்சினைக் கழற்றிப் பழுதுபார்க்கக் கொடுத்தது தெரியாமல் இன்னொருவர் வலையோடு வந்து நின்ற கதையைச் சொல்லிச் சிரித்தார். அந்தப் படகையே மதிப்புரையில் எழுதினேன். உங்கள் நிரூபணம் இதில் உடைகிறது, ஆனால் உடைகிற இடம்தான் உங்கள் உண்மையான கட்டுரை, அதை எழுதுங்கள் என்று நாலு பக்கம். தெருவில் கூட்டம் திரும்பி வரும் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

போன வருடம் மாநாட்டின் வரலாற்றைப் பேசவே ஓர் அமர்வு வைத்தார்கள். இணையத்திலும் பார்க்கலாம் என்றார்கள். மதியச் சமையலைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். தலை நரைத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பழைய சண்டைகளைச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு ஒரு பெண் பேராசிரியர் மேடை ஏறினார். மாணவியாக எழுதிய முதல் கட்டுரையை இந்த மாநாடு நிராகரித்ததாம். அதோடு வந்த ஒரு மதிப்புரையால்தான் இந்தத் துறையிலேயே தங்கினாராம். திரையில் ஒரு படம் போட்டார். ஒரு படகு, அதற்கு மூன்று உரிமையாளர்கள். நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப்போட்டேன்.

எழுதியவர் இங்கே இருந்தால் முறையை ஒரு நிமிடம் மறந்து கை தூக்குங்கள் என்றார். என் திரையிலும் கை தூக்க ஒரு பொத்தான் இருந்தது. விரலைக் கொண்டுபோனேன். அதற்குள் அரங்கின் இரண்டாவது வரிசையில் சார் கையைத் தூக்கிவிட்டார். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். அந்தப் பெண் இறங்கி வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். சார் முகத்தில் திருட்டுத்தனம் துளியும் இல்லை. தான் எழுதியதாகவே நம்பினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தேநீர் இடைவேளையில் அவரே என்னை ஃபோனில் கூப்பிட்டார். “பாத்தியாம்மா? அந்தப் படகு எப்படித் தோணுச்சுன்னு எனக்கே தெரியல.”

“அது திருவேட்டக்குடிப் படகு சார்.”

“எங்கம்மா இருக்கு அது? நான் அப்படி ஒரு ஊருக்கு வந்ததே இல்லையே.”

“நான் போயிருக்கேன் சார்.”

கோப்பைகளின் சத்தம் கேட்டது. யாரோ ஆங்கிலத்தில் அவரைப் பாராட்டினார்கள். சார் என்னிடம், “சாப்பிட்டியாம்மா?” என்றார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை.

“இன்னும் இல்ல சார்” என்றேன்.