சின்ன மாமா எறிந்த பந்து

அம்மாவின் கடைசித் தம்பி கனடாவில் வளர்ந்தவர். பேஸ்பாலில் அவர் பந்தெறியும் திறமைக்காகவே ஓர் அமெரிக்கக் கல்லூரி அவரைக் கட்டணமில்லாமல் படிக்க வைத்தது. படிப்பு முடிந்ததும் தொழில்முறை அணியொன்றில் சேர்ந்தார். ஒரு கோடைகாலம்கூட முழுதாக முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, கடல் தாண்டி, மனோர் பார்க்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். லீவு என்றார். நாங்களும் அதற்குமேல் கேட்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் விளையாடும் ரவுண்டர்ஸின் அமெரிக்கப் பெயர்தான் பேஸ்பால் என்பது அப்பாவின் முடிவு. கிரிக்கெட் அல்லாத எதையும் அவர் விளையாட்டென்று ஒப்புக்கொண்டதில்லை. நானோ, மாமாவின் பந்து மோட்டர்வேயில் போகும் காரைவிட வேகமானது என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமே! தினமும் கேட்டேன். "பிறகு பாப்பம்" என்பார். தேநீர்க் கோப்பையைக்கூட அவர் இடக்கையால்தான் தூக்குவார். அது அமெரிக்கப் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் சிநேகிதர்களும் கிரிக்கெட் விளையாடும் புல்வெளிக்கு அவரும் வந்தார். இடைவேளையில் அப்பா பந்தை நீட்டினார்.

"தம்பி, ஒருக்கா எறிஞ்சு காட்டுமன். எல்லாரும் ஆசைப்படுகினம்."

"இண்டைக்கு ஏலாது, அத்தான்."

யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

"அப்ப எல்லாம் பொய்யா, மாமா?"

மாமா என்னைப் பார்த்தார். கோபமில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுப் பந்தை வாங்கினார். இடக்காலை நெஞ்சுவரை தூக்கி, உடம்பை முறுக்கி, எறிந்தார்.

பலகை வெடித்தது போல ஒரு சத்தம். பந்து எதிலோ பட்டுவிட்டதென்று நினைத்தேன். ஆனால் எல்லோரும் மாமாவை நோக்கி ஓடினார்கள். அவர் முழங்காலில் நின்றார். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, மூட்டே இல்லாத இடத்தில், அவர் வலக்கை மடிந்து தொங்கியது. யாரும் அவரைத் தொட்டிருக்கவில்லை. எதுவும் அவர்மேல் பட்டிருக்கவில்லை. எறிந்த வேகத்திலேயே எலும்பு முறிந்திருந்தது. அப்பா கையில் தேநீரோடு அப்படியே நின்றார்.

ஆஸ்பத்திரியில் அம்மா அழுதுகொண்டே கேட்டார்: "முந்தியே நொந்ததோ?"

"ஓம், அக்கா. கன நாளா. சொன்னா விளையாட விடமாட்டினமெண்டு மறைச்சனான். அணியில தெரிஞ்சதும் அனுப்பிப்போட்டினம்."

அம்மா டாக்டரைத் தேடிப் போனார். கட்டிலருகே நான் மட்டும். மாமாவின் கையை முறித்தது நான்தான் என்று எனக்குத் தெரியும். அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் மெல்லக் கேட்டார்:

"பிள்ளை, பந்து எவ்வளவு தூரம் போனது?"

உண்மை பேசினால் மன்னிப்புக் கிடைக்கும் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

"தெரியாது, மாமா. ஒருத்தரும் பாக்கேல்ல."

அவர் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மருந்துக்கு நித்திரை வருகிறதாக்கும் என்று எண்ணி, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.