உபதேசியார் சவரிமுத்துவின் பெயருக்கு ஒரு பூசை

இரண்டரை வருடம் என்னால் செபிக்க முடியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சொல்லாமலே உட்கார்ந்துவிடுவேன். தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற நம் அன்பியக் கூட்டத்தில் நான் வாய் திறந்து யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அஞ்சாவது வரைதான் படித்தேன். அதனால் எழுதிக் கொடுக்கிறேன், யாராவது வாசியுங்கள்.

2006-ல் தவக்காலம் முடிகிற சமயம் என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஒரு மாதம் ஆஸ்பத்திரி. நானும் மகள் ஜெசிந்தாவும் மாறி மாறி முழங்காலில் நின்றோம். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் மாதாவே என்று நேர்ந்துகொண்டேன். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் மஞ்சக்குப்பத்து வீட்டுக்கு அவரை வெள்ளைத் துணியில்தான் கொண்டுவந்தோம்.

ஜெசிந்தா கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அப்போது சிதம்பரத்தில் தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவை அடக்கம் பண்ணின பிறகு கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் புடவை கட்டிக்கொண்டு நிற்பேன்.

"நீ போயிட்டு வாம்மா. நான் சோறு வடிச்சு வக்கிறேன்."

"சாமி கோச்சுக்குவாருடி."

"அவ்ளோ கூப்ட்டப்ப வராதவரு, கோச்சுக்க மட்டும் வருவாரா?"

அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? செபமாலை என் கையில் உருளும். வாய் 'அருள் நிறைந்த மரியே' என்று சொல்லும். உள்ளே ஒன்றும் இருக்காது. ஆள் இல்லாத வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை. வெட்கம். "அந்தக்காவுக்கு எவ்ளோ பக்தி பாரு" என்று நீங்களெல்லாம் பேசிக்கொள்வீர்கள். செத்துப்போகலாம்போல இருக்கும்.

2008-ல் அவள் அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். என்ன ஆராய்ச்சிடி என்று கேட்டேன்.

"கடவுள் மேல இருந்த நம்பிக்கை போனப்புறம் மனுசன் எதப் புடிச்சிக்கிட்டு உயிர் வாழ்றான்னு நாவல்ல எழுதியிருக்காங்கம்மா. அதப் பத்தி."

சனிக்கிழமை பஸ்ஸில் வரும்போதெல்லாம் பை நிறைய லைப்ரரிப் புத்தகம். இதுகள்தான் என் பிள்ளையைக் கெடுக்கிறது என்று நினைத்தேன். இருப்பதிலேயே ஒல்லியானதாக ஒன்றை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பிள்ளைக்கு என்ன வியாதி என்று தாய்க்குத் தெரிய வேண்டாமா?

மத்தியான வேளையில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்று மாதம் ஆனது. அதில் சவரிமுத்து என்று ஓர் உபதேசியார். பிள்ளையைப் பறிகொடுக்கிறார். அத்தோடு விசுவாசம் போய்விடுகிறது. ஆனால் கோயில் மணியை அவர்தான் அடிக்க வேண்டும், சாவு வீட்டில் அவர்தான் செபம் சொல்ல வேண்டும். முப்பது வருடம் அப்படியே சொல்கிறார், ஒருத்தரிடமும் மனசைத் திறக்காமல். கடைசியில் தனியாகக் கிடந்து சாகிறார். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். என்னைப்போல் இன்னோர் ஆளும் இருந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் செபம் சொன்னாரே, அவருக்கு யார் சொன்னார்கள்?

கதை என்றால் எனக்கு ராஜா கதை, சினிமாக் கதைதான் தெரியும். இதில் அவர் சட்டையில் பொத்தான் இல்லாதது வரைக்கும் எழுதியிருந்தது. அதனால் நடந்ததென்றே நம்பிவிட்டேன்.

நவம்பர் மாதம் இறந்தவர்களுக்கான பூசைக்கு நாம் சீட்டில் பெயர் எழுதிக் கொடுப்போம் அல்லவா? வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே 'உபதேசியார் சவரிமுத்து' என்று எழுதினேன். அப்பா பெயரை வாசிப்பார்கள் என்பதற்காக ஜெசிந்தாவும் அன்றைக்கு வந்து, கோயில் வாசலோடு நின்றுகொண்டாள். சாமியார் இரண்டு பெயரையும் வாசித்தார். "ஆண்டவரே, இந்த மனுசன் உம்மிடம் கேட்க முடியாமலே செத்தார். அவருக்குப் பதில் நான் கேட்கிறேன். சேர்த்துக்கொள்ளும்" என்றேன்.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு ஆரோக்கியம் பிடித்துக்கொண்டாள். "யாருக்கா அந்த உபதேசியாரு? உன் வீட்டுக்காரரு வழியா?" ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தேன். ஜெசிந்தா என் கையைப் பிடித்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் இழுத்துப்போனாள்.

"யம்மா, அந்தப் புக்க நீதான் எடுத்தியா? லைப்ரரில என்னைத் திருடின்னே முடிவு பண்ணிட்டாங்க!"

"படிச்சிட்டு வச்சிடலாம்னுதான்..."

"அப்டி ஒரு ஆளே கெடையாதும்மா. எழுதுனவரு கற்பனை. பொறக்காத ஆளுக்குப் போயி பூசை குடுத்துருக்க!"

விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"அய்யோ, நெசமா வேண்டிக்கிட்டேனேடி" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வெறும் வாய் இல்லை, நிஜமாகவே வேண்டியிருந்தேன். அந்தப் பக்கம் யாரோ காது கொடுத்ததும் தெரிந்தது. அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அங்கேயே அவளிடம் உண்மையைச் சொன்னேன். "ஒங்கப்பா போனதுலேருந்து எனக்கும் செபம் வரலடி. சும்மா வாய அசச்சிக்கிட்டிருந்தேன்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏம்மா சொல்லல? நான் மட்டுந்தான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேனே" என்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாமியாரிடம் போய், பூசை வீணாகிவிட்டதா என்று கேட்டேன். "சவரிமுத்துன்னு பேரோட, வேண்டிக்க ஆளில்லாம செத்தவங்க நம்ம பக்கத்துல எத்தினி பேரும்மா! சேர வேண்டியவருக்குச் சேந்திருக்கும், போங்க" என்றார்.

என் மகள் மனம் திரும்பினாள் என்று முடிக்கத்தான் ஆசை. பொய் சொல்லக் கூடாது. இது 2012. அவள் இன்னும் பூசையில் நன்மை அப்பம் வாங்குவதில்லை. எனக்கு அறுபத்தெட்டு வயது. கண் மூடுவதற்குள் பார்ப்பேனா, தெரியாது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் கேட்கிற வாயை ஆண்டவர் எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு இல்லாத ஓர் ஆளை அனுப்பினார். அந்த இரக்கத்துக்கு நன்றி சொல்கிறேன். செபம் வராத நாள் இப்போதும் உண்டு. "இன்னிக்கு வரலடி" என்று மகளிடம் சொல்லிவிடுவேன். "சரி, டீ போடவா?" என்பாள்.

உங்களில் யாருக்காவது செபம் நின்றுபோயிருந்தால் வெட்கப்படாதீர்கள். உங்களுக்காகக் கேட்க வரவில்லையென்றால், கேட்க நாதியில்லாத ஒருவருக்காக ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், உங்கள் பெயரை மட்டும் என் காதில் போட்டுவிட்டுப் போங்கள். என்ன ஏது என்று விசாரிக்க மாட்டேன்.