பட்டியலின் முதல் எண்

“உங்கள் தளத்தில் முதல் பெயராக இருந்த செல்வராசு அண்ணன் உடனே வந்து ரத்தம் கொடுத்தார். பிரசவத்தில் என் மனைவி பிழைத்தாள். நன்றி.”

சென்ற ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காரைக்காலில் எங்கள் ரத்ததானக் குழுவுக்கு வந்த மின்னஞ்சல் இது. பக்கத்து ஊரான நெரவியில் இருந்த செல்வராசு இறந்து இரண்டு வருடமாகிறது. கருமாதிக்குப் போய்வந்ததை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

தவறு என்னுடையதுதான். ‘ஓ நெகட்டிவ்’ என்று கூகுளில் தேடினால் எங்கள் பக்கம் மேலே வரவேண்டும் என்று தளத்தைப் புதுப்பித்தபோது, பழைய பதிவேட்டை, செல்வராசுவின் எண்ணோடு, அப்படியே ஏற்றிவிட்டேன். அந்த எண்ணை யாரும் எடுக்காமல் போயிருந்தால் அந்தப் பெண்ணின் கதி?

எண்ணை அழைத்தேன். உபயோகத்தில் இல்லை என்றது. மின்னஞ்சல் அனுப்பியவரைக் கேட்டேன். “மெலிஞ்ச ஆளுங்க. ஜூஸ் வாங்கிட்டு வந்தேன். வேணாம் தம்பி, டீ போதும்னாரு.”

பிறகு செல்வராசுவின் மனைவியிடம், யாரோ அவர் பெயரில் ரத்தம் கொடுத்ததாக மட்டும் சொன்னேன்.

“அந்த சிம்மை நாங்க ரீசார்ஜே பண்ணலீங்களே,” என்றவர் கேட்டார்: “ஜூஸ் கொடுத்திருப்பாங்களே? தொட்டிருக்க மாட்டாரு. டீதான் கேப்பாரு.”

இப்போது ஒவ்வொருவரையும் நானே அழைத்து, குரலைக் கேட்ட பிறகே எண்ணைத் தளத்தில் போடுகிறேன். பேசிய தேதியும் பக்கத்திலேயே இருக்கும்.

அந்த எண் இடையில் கொஞ்ச காலம் வேறொருவருக்குப் போய், அவர் இரக்கப்பட்டு வந்திருக்கலாம். அவருக்கும் அதே அரிய வகை ரத்தமா? மருத்துவமனைப் பதிவேட்டை எனக்குக் காட்டவில்லை. அன்று அதில் கையெழுத்திட்டவர் யார் என்பது இதுவரை சரிபார்க்கப்படாத தகவல்.