பலகையில் பதினேழாம் எண்

பதினாறு பயணிகள், ஒன்பது ஊழியர்கள், ஆக இருபத்தைந்து தலைகள். கப்பலின் பின்படிக்கட்டுக்கு மேலே ஒரு மரப்பலகை. அதில் இருபத்தைந்து ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் எண் எழுதிய ஒரு வட்ட வில்லை, ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. ரப்பர் படகில் இறங்கி வெளியே போகிறவர் தன் வில்லையைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும். திரும்பி வந்து ஏறியதும் வெள்ளைக்கு. ஒரே ஒரு வில்லை சிவப்பாக இருந்தாலும் நங்கூரம் எழாது. அலையாத்திக் காடு, பவளத்திட்டு, ஆமை முட்டையிடும் மணல்மேடு என்று ஆறு நாள் கரையோரமாகச் சுற்றிக் காட்டும் அந்தச் சின்னக் கப்பலில் இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது. அதோடு ஒட்டிய இன்னொரு சட்டமும் உண்டு. அவரவர் வில்லையை அவரவர் கையால்தான் திருப்ப வேண்டும்.

பலகைக்குக் காவல் ஒரு பெண். அறை கூட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, ஈரத் துண்டுகளை மூட்டை கட்டுவது என்றுதான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். பலகை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பதினோரு வருடத்தில் அவளுக்குப் பலகையக்கா என்றே பெயராகிவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த கேப்டன்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அவளிடம் யாருடைய பருப்பும் வேகாது. ஒருமுறை பவளத்திட்டில் நீந்திவிட்டு வந்த டாக்டர் ஒருவர் பலகையை மறந்து நேரே குளிக்கப் போய்விட்டார். அவள் போய்க் கதவைத் தட்டினாள்.

"சார், உங்க வில்லை இன்னும் சிவப்பா இருக்கு."

"நீயே திருப்பிடேன்மா. தலையெல்லாம் சோப்பு."

"நான் திருப்பக் கூடாது சார்."

"நான் கப்பல்லதானே இருக்கேன்? உன்கூடத்தானே பேசிட்டிருக்கேன்?"

"அது எனக்குத் தெரியும் சார். பலகைக்குத் தெரியாதே."

டாக்டர் இடுப்பில் துண்டும் தலையில் நுரையுமாக வந்து திருப்பிவிட்டுப் போனார். மதியச் சாப்பாட்டின்போது அவரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பதினேழாம் எண்ணிடம் மட்டும் இந்தக் கண்டிப்பு செல்லாது. பதினேழு அவளுடைய அண்ணன், முதல் ரப்பர் படகின் ஓட்டுநர். அவளை இந்த வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவர்தான்.

போகும்போது அண்ணன் வில்லையைத் தவறாமல் திருப்புவார். தங்கை பக்கத்திலேயே நிற்பாளே. வரும்போதுதான் சிக்கல். பயணிகளை இறக்கிவிட்டுப் படகைக் கப்பலின் விலாப்பக்கம் கொண்டுபோக வேண்டும், கொக்கி மாட்டித் தூக்க வேண்டும், சேறு கழுவ வேண்டும். பின்படிக்கட்டுப் பக்கம் தலைகாட்ட அரைமணி ஆகும். அதுவரை நின்றால் தண்ணீர் இறங்கிக் கழிமுகத்தில் கப்பல் தரைதட்டும். முதல் வருடத்தில் ஒருநாள் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "தங்கச்சி, என்னோடதையும் திருப்பி விட்ரு." திருப்பினாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவும் இல்லை, அவள் காத்திருக்கவும் இல்லை. முதல் படகு வந்து கப்பலில் முட்டும் சத்தம் கேட்டால் கை தானாகப் பதினேழுக்குப் போகும். கேப்டனுக்கு இது தெரியாது. தெரிந்த இருவரும் அதை ஒரு தப்பாகவே நினைக்கவில்லை.

அன்று காலை இரண்டு படகுகளும் பறவை பார்க்க அலையாத்திக் காட்டுக்குள் போயின. நடுவில் ஒரு சேற்றுத் திட்டில் இறங்கி நின்று பார்த்தார்கள். திரும்பும் வழியில் வயதான பயணி ஒருவருக்குத் தன் பைனாகுலரைத் திட்டிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. மனிதர் முகம் சுண்டிப்போயிற்று.

"அதுக்கு ஏன் சார் கவலைப்படறீங்க," என்றார் அண்ணன். படகைத் திட்டுக்குத் திருப்பி, தான் மட்டும் இறங்கினார். சேற்றில் நடக்க இடைஞ்சல் என்று மிதவைச் சட்டையைக் கழற்றிப் படகிலேயே போட்டார். பறவைகளைப் பற்றி விளக்கம் சொல்ல வந்திருந்த வழிகாட்டியிடம் சுக்கானைக் கொடுத்தார். "வெயில் ஏறுது. நீங்க இவங்களைக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டாவது படகு பின்னாடிதானே வருது, அதுல நான் வந்திடறேன்."

இரண்டாவது படகு அந்த வழியாக வரவில்லை. நீர்நாய் ஒன்றைத் தொடர்ந்து வேறொரு ஓடைக்குள் நுழைந்து, அப்படியே கப்பலுக்கு வந்துவிட்டது. அதன் ஓட்டுநர், அண்ணன் முதல் படகில் போயிருப்பார் என்று நினைத்தான். வழிகாட்டி, அவர் இரண்டாவதில் வந்திருப்பார் என்று நினைத்து மாடியில் பாடம் எடுக்கப் போய்விட்டார். பைனாகுலரைத் தவறவிட்ட பெரியவரும் அப்படியே நினைத்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். இந்த மாதிரி நினைப்புகளுக்காகத்தான் பலகை.

முதல் படகு வந்து முட்டியபோது பலகையக்கா முதுகைக் காட்டி நின்று, ஏறி வருகிறவர்களுக்கு ஈரத் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். முட்டிய சத்தம் கேட்டது. படகிலிருந்து யாரோ எடுத்து வந்து மாட்டிய அண்ணனின் மிதவைச் சட்டை படிக்கட்டுக் கம்பியில் தொங்கியது. கை நீண்டது. பத்து நிமிடத்தில் இரண்டாவது படகும் வந்து, மற்ற வில்லைகளும் திரும்பின. கம்பியில்லாக் கருவியை வாயருகே கொண்டுபோய் அவள் கேப்டனிடம் சொன்னாள். "எல்லாம் வெள்ளை."

நங்கூரச் சங்கிலி ஏறும் சத்தம் அந்தக் காட்டில் ஒரு மைலுக்குக் கேட்கும்.

ஊழியர்களில் அண்ணன் எப்போதும் கடைசியாகத்தான் சாப்பிடுவார். அதனால் மூடி வைத்த தட்டு யாரையும் உறுத்தவில்லை. மூன்று மணிக்கு அவள் தேநீரோடு அவர் படுக்கும் அறைக்குப் போனாள். ஆள் இல்லை. கழுவிய கால் பட்ட ஈரம்கூடத் தரையில் இல்லை. எஞ்சின் அறை, சமையலறை, மேல்தளம் என்று ஓடினாள். பிறகு கேப்டனிடம் போய், அண்ணனைக் காணோம் என்றாள். கேப்டன் உடனே கப்பலைத் திருப்பினார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சேற்றுத் திட்டு இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். ஓர் உயரமான கிளையில், தண்ணீர் எட்டாத இடத்தில், பைனாகுலர் தொங்கிக்கொண்டிருந்தது. வாரில் இரண்டு முடிச்சு. மறுநாள் காலை கழிமுகத்துக்கு வெளியே உடல் கிடைத்தது.

அவர் மரத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஏன் நீந்தினார் என்பது தெரிந்தவள் ஒருத்திதான். வில்லை சிவப்பாக இருக்கும், கப்பல் போகாது என்று மற்ற யாராக இருந்தாலும் நம்பி உட்கார்ந்திருப்பார்கள். சங்கிலிச் சத்தம் கேட்ட நொடியில் அண்ணனுக்கு எல்லாம் புரிந்திருக்கும். யாருடைய கை என்பதும்.

துறைமுக அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பலகையைப் படம் எடுத்தார். பதினேழு வெள்ளையாக இருந்தது.

"கிளம்பும்போது உங்க அண்ணன் இதைத் திருப்பினாராம்மா?"

அவள் பலகையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "கவனிக்கலை சார்."

அதோடு முடிந்தது. இறந்தவர் புறப்படும்போது தன் வில்லையைத் திருப்பத் தவறியுள்ளார், இது அவருடைய கவனக்குறைவு என்று அறிக்கை எழுதப்பட்டது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? மற்றவனுக்குச் சட்டம் பேசுகிற தங்கை, தன் வில்லையையே திருப்பத் தெரியாத அண்ணன் என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள்.

அண்ணி துறைமுகத் தெருவில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். கப்பலின் விரிப்புகளும் துண்டுகளும் அங்கேதான் வெளுக்கப் போகும். அண்ணன் வீட்டின் பின்னறையில்தான் நாத்தனாரும் இருந்தாள். நாற்பது வயதான பிறகும் அண்ணி அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அண்ணி அறிக்கையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"அடுப்பை அணைச்சோமான்னு மூணு தடவ எழுந்து போய்ப் பாக்கற மனுஷன் பாப்பா. சைக்கிளைப் பூட்டிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பாப்பாரு. அவருக்காடி கவனக்குறைவு?"

"விடுங்க அண்ணி."

"எப்படி விடறது? ஆள்தான் போயிட்டாரு. பேரையும் சேர்த்து அனுப்பணுமா? நீதானே அங்க நின்னே. ஞாபகப்படுத்திப் பாரு. காலைல திருப்பினாரா இல்லையா?"

"கூட்டமா இருந்துச்சு அண்ணி. கவனிக்கலை."

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட, இந்த முகம் இனி தன்னை எப்படிப் பார்க்கும் என்ற பயம். அண்ணி அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "சரி, உனக்கும்தானே அண்ணன், அழாதே," என்றாள். அந்தக் கை பட்ட இடம் பல நாள் நெருப்பாகச் சுட்டது.

இரண்டு மாதம் கழித்துக் கப்பல் மறுபடி புறப்பட்டது. பலகையக்கா இப்போது வில்லையை நம்புவதில்லை. அறை அறையாகப் போய் முகங்களை எண்ணினாள். கேப்டன் ஒருமுறை பொறுத்தார், இருமுறை பொறுத்தார்.

"பலகையக்கா, தண்ணி இறங்குது. வெள்ளையா இல்லையா, சொல்லு."

"இன்னொரு தடவ எண்ணிட்டு வந்திடறேன் சார்."

அண்ணன் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார், அவளைவிட மூத்தவர், கலகலப்பானவர். பதினேழு அவருக்குப் போயிற்று. நான்காம் நாள் ஆமைகள் ஏறும் மணல்மேட்டிலிருந்து பயணிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, படகை விலாப்பக்கம் திருப்பிக்கொண்டே அவர் கீழேயிருந்து கத்தினார்.

"யம்மா, என்னோடதையும் திருப்பி விட்டுடு. நான் வர நேரமாகும்."

அவள் துண்டுகளைக் கீழே போட்டுவிட்டுப் படியிறங்கினாள். கடைசிப் படியில், முழங்கால் நனைய நின்றாள்.

"மேல வாங்க."

"படகை யாரு பிடிப்பா? ஒரு வில்லைக்கு இவ்ளோ அலப்பறையா?"

"வந்து திருப்பிட்டுப் போங்க. கயிறை நான் பிடிச்சுக்கறேன்."

அவர் முனகிக்கொண்டே ஏறிப்போனார். அவள் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதினோரு வருடம் தினமும் இந்த ஒரு நிமிடத்தைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை வரவில்லை. இனி வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

ஆறாம் நாள் காலை கப்பல் துறைக்கு வந்ததும், அழுக்குத் துணி மூட்டையோடு அவளே சலவைக்கூடத்துக்குப் போனாள். உள்ளே ஆவியும் சோப்பு வாசமும். அண்ணி தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா, நீயே தூக்கிட்டு வந்துட்டே?"

"அண்ணி, அண்ணன் காலைல திருப்பினாரு. நான் பார்த்தேன்."

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"திருப்பி வெள்ளையாக்கினது நான். படகு வந்த சத்தம் கேட்டுச்சு, வந்துட்டாருன்னு நினைச்சேன். எப்பவுமே நான்தான் திருப்புவேன். பதினோரு வருஷமா."

துணி கருகும் வாசம் வந்த பிறகுதான் அண்ணி பெட்டியைத் தூக்கி நிறுத்தினாள். உறையில் பழுப்பாக ஒரு தடம் விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீதான் திருப்புவேன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப கப்பல் கிளம்பினது எப்படின்னும் தெரிஞ்சிருக்கும்."

அதுவரை அவள் ஒருத்திக்குள் கிடந்த நினைப்பு இப்போது இன்னொருத்திக்குள்ளும் இறங்கிவிட்டது. அண்ணி கருகிய உறையை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு, "அந்த ஆபீசர்கிட்ட போய் எழுதிக் குடு. இன்னைக்கே," என்றாள். அந்தப் பேச்சில் பாப்பா இல்லை.

அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் கப்பல் வேலை போயிற்று. கேப்டன் திட்டவில்லை. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்று மட்டும் கேட்டார். திருத்திய அறிக்கை வர நான்கு மாதம் ஆனது. இறந்தவர் தம் வில்லையை முறைப்படி திருப்பியிருந்தார் என்ற ஒரு வரியை அண்ணி சலவைக்கூடத்தில் எல்லோரும் கேட்கப் படித்தாள். படித்து முடித்ததும் காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, ஊறப்போட்ட துணியை அலசப் போய்விட்டாள்.

வீட்டில் சமையல் இரண்டாகியிருந்தது. முன்னறையில் ஓர் அடுப்பு, பின்னறையில் ஓர் அடுப்பு. நடுவில் கதவு திறந்துதான் இருந்தது, பேச்சுதான் இல்லை. இப்படியிருக்கும்போது ஒருநாள் சலவைக்கூடத்து முதலாளி பின்னறைக்கே வந்து, ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். யார் சொன்னார்கள் என்று இவள் கேட்டாள். "உங்க அண்ணிதான். ஆனா நான் சொன்னதா சொல்லாதீங்கன்னாங்க," என்றார் அவர்.

பெரிய விரிப்புகளை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. அண்ணி இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்றாள். இவள் இந்தப் பக்கம். உதறி, நீளவாக்கில் மடித்து, எதிரெதிரே நடந்து வந்தார்கள். நெருங்கியதும், விரல் விரலில் படாமல், இவள் கையிலிருந்த மூலைகளை அண்ணி வாங்கிக்கொண்டாள். அடுத்த விரிப்பை எடுத்தார்கள்.

"இழுத்துப் பிடி," என்றாள் அண்ணி. அன்று அவள் பேசியது அவ்வளவுதான்.