மூன்றாவது சரணம்

அவர் வீடு கட்டுகிறார் என்ற செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நல்லதுதானே, மனுஷன் சொந்தக் கூரைக்குக் கீழே படுக்கட்டுமே என்றேன் நான். என் தம்பி என்னை ஒன்றும் தெரியாத ஜென்மத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வீடு கட்டுகிறவன் பாட்டு எழுத மாட்டான், சிமெண்ட்டும் கம்பியும்தான் அவன் மண்டையில் ஓடும், ஆகவே எட்டாம் பாகம் இந்த வருஷமும் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னான். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

'அவர்' என்றால் தெற்குப் பக்கத்துக் கிறிஸ்தவப் பாடகர் ஒருவர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவார். ஒன்றாம் பாகம், இரண்டாம் பாகம் என்று முதலில் கேசட்டாகவும் பிறகு சிடியாகவும் வந்துகொண்டிருந்தன. கடலூர் முதுநகரில் எங்கள் சர்ச்சில் அவர் பாட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஏழாம் பாகத்தோடு மனுஷன் வாயை மூடிக்கொண்டார். 2007, 2008 என்று வருஷம்தான் போனது, சிடி வரவில்லை.

நான் பள்ளிக்கூட டீச்சர். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. தம்பி சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில் ரூம் எடுத்துத் தங்கி ஒரு லேபில் வேலை பார்த்தான். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அக்காவைப் பார்க்க வருகிறான் என்று தெருவில் நினைத்தார்கள். அக்காவாவது, மண்ணாங்கட்டியாவது. மாமனும் மச்சானும் உட்கார்ந்து எட்டாம் பாகத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தான்.

என்ன பேச்சு என்கிறீர்கள்? அந்தப் பாடகர் கூட்டங்களில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது எப்படிப் பிறந்தது என்று சொல்வார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வந்தது, ரயில் தவறியபோது வந்தது என்று. இதையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டு இவர்கள் இரண்டு பேரும் ஜோசியக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். அவருக்கு மூட்டு வலியாம், அப்படியானால் நடையைப் பற்றி ஒரு பாட்டு நிச்சயம். மகளுக்குக் கல்யாணமாம், சரி, அழுகைப் பாட்டு ஒன்று. தம்பி ஒருநாள், அவரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது, இனிமேல் பிறத்தியார் எழுதினதைத்தான் பாடுவார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். மச்சானைப் பார்த்து அவர் முகம் சுளித்தது அந்த ஒரு தடவைதான்.

இருவரும் சண்டையே இல்லாமல் ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. அவர் பாட்டில் மூன்று சரணம் இருக்கும். முதல் சரணத்தில் கஷ்டம், இரண்டாவதில் உதவி, மூன்றாவதில் அழ வைத்துவிடுவார். ஏழு பாகத்தில் ஒரு பாட்டுகூட இதற்கு விலக்கு இல்லை. இதை எங்கள் பாடகர் குழுவில் எல்லோரும் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் இன்னொன்று இருந்தது. என் வீட்டுக்காரரும் பாட்டு எழுதுவார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பாட்டை எழுதிக்கொண்டுபோய்ப் பாடகர் குழுவை நடத்தும் அண்ணனிடம் காட்டியிருக்கிறார். அந்த அண்ணன் நல்ல மனுஷர், ஆனால் நாக்கு கொஞ்சம் முரடு. பெரியவர்கள் எழுதி வைத்ததையே பாடி முடிக்கவில்லை, நீ வேறு எதற்கப்பா என்று சொல்லிவிட்டாராம். அதோடு சரி. பிறகு குளிக்கும்போது மட்டும்தான் இவருக்குப் பாட்டு வரும். தண்ணீர் ஊற்றும் சத்தம் திடீரென்று நிற்கும், ஒரு வரி மெதுவாகக் கேட்கும், மறுபடி தண்ணீர். எனக்கு ஆத்திரமாக வரும். இத்தனை நல்ல பாட்டு சாக்கடையில் போகிறதே என்று வயிறு எரியும்.

அடுத்த வருஷம் அந்தப் பாடகர் சிதம்பரத்தில் ஒரு கூட்டத்துக்கு வந்தார். தம்பி போனான். அன்று அவர் யாரும் கேட்டிராத புதுப் பாட்டு ஒன்று பாடினார். தம்பி செல்போனில் பதிவு பண்ணிக்கொண்டு சனிக்கிழமை வரை காத்திருக்க முடியாமல் மறுநாளே லீவு போட்டுவிட்டு ஓடிவந்தான். புயலில் மாட்டிய படகைப் பற்றிய பாட்டு. முதல் சரணத்தில் படகு தத்தளிக்கிறது. இரண்டாவதில் ஆண்டவர் எழுந்து காற்றை அதட்டுகிறார். பிறகு பல்லவி. அந்தப் பல்லவி பாதியிலேயே மெமரி தீர்ந்து பதிவு நின்றுபோயிருந்தது.

மூன்றாவது சரணம் எங்கே? தம்பியைக் கேட்டால் மென்று விழுங்கினான். கூட்டம் கலைவதற்குள் வண்டியை வெளியே எடுக்க இவன் நடுவிலேயே எழுந்து போயிருக்கிறான். அதைச் சொல்லவும் மானம் இடம் கொடுக்கவில்லை. பாடினார், அருமையாக இருந்தது, வார்த்தைதான் சரியாக நினைவில்லை என்று சமாளித்தான்.

எங்கள் அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. காணிக்கையாக வரும் பூசணிக்காய், கோழி, பண்ருட்டி முந்திரி எல்லாம் ஏலம் போகும் நாள் அது. சிடி வருவதற்கு முன்னாலேயே அந்தப் பாட்டைப் பாடி மற்ற சர்ச்காரர்களை வாய் பிளக்க வைக்கவேண்டும் என்று குழு அண்ணனுக்கு ஆசை. ஆனால் மூன்றாவது சரணம் இல்லாமல் அவர் பாட்டைப் பாடினால் அவருக்கே அவமரியாதை என்று ஒத்திகை நின்றது.

சனிக்கிழமை ராத்திரி ஒத்திகைக்கு என் வீட்டுக்காரர் சரணத்தோடு வந்தார். ஐஸ் ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர் சிதம்பரம் கூட்டத்துக்குப் போயிருந்தாராம், அவர் பாடிக் காட்டினாராம். தலையைக் குனிந்தபடி மெல்லப் பாடினார்.

கரையில் நிற்பவள் காத்திருப்பில்
கடலும் களைத்திடுமே
திரும்பி வராத படகையும் நீர்
தேடிச் செல்வீரே

எங்கள் குழுவில் பாதிப் பேர் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள். சுனாமி போய் நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என் தம்பி துள்ளி எழுந்தான்.

"இதேதான் மாமா. இதேதான் பாடுனாரு. இப்பதான் எனக்கு ஞாபகம் வருது. நான் சொன்னேன்ல, மனுஷன் மூணாவதுல அழவச்சுடுவாருன்னு."

லாரி டிரைவராம். போன வாரம் முழுக்க அந்த மெட்டு எங்கள் வீட்டுக் குளியலறையில்தான் குடியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடிபிடியென்று பிடித்தேன். உங்கள் பாட்டை உங்கள் பாட்டு என்று சொல்ல என்ன கேடு என்றேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டியபடி நிதானமாகச் சொன்னார்:

"நான் எழுதுனதுன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. இப்ப பாடுறாங்க இல்ல? பாடட்டும்."

பண்டிகை அன்று சர்ச்சே அழுதது. ஏலத்தில் ஒரு சேவல் கையை விட்டுப் பறந்து பீடத்தின்மேல் உட்கார்ந்ததுகூட யாருக்கும் பெரிதாகப் படவில்லை. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அந்தப் பாட்டுத்தான். குழு அண்ணன் ஒருநாள் என்னிடமே வந்து, எழுதினால் இப்படி எழுதவேண்டும், மனுஷனுக்குக் கடலைப் பற்றி என்ன ஞானம் பாருங்கள் என்றார். சிரித்து வைத்தேன். எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு எட்டாம் பாகம் வந்தேவிட்டது. தம்பி சிதம்பரத்தில் வாங்கிக்கொண்டு பறந்து வந்தான். எங்கள் வீட்டு டிவிடி பிளேயரில் போட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். முதல் சரணம், இரண்டாவது சரணம், பல்லவி. அவ்வளவுதான். அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது.

தம்பிக்கு ரத்தம் கொதித்தது. வெட்டிவிட்டார்கள், கம்பெனிக்காரன் நேரம் ஜாஸ்தி என்று வெட்டிவிட்டான் என்று குதித்தான். சிடி உறையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, இருப்பதிலேயே நல்ல சரணத்தை எந்த அறிவாளி எடுத்தது என்று சண்டை பிடித்தான். அந்தப் பக்கம் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புகாரைச் சொல்கிறேன் சார் என்று வைத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் காதில் விழாதவர் மாதிரி முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. குழு அண்ணன் சட்டம் பேசுகிறவர். அவரே வெட்டிவிட்டார் என்றால் நாமும் விட்டுவிட வேண்டியதுதான் என்று சொல்லி, அடுத்த ஞாயிறு இரண்டாவது சரணத்தோடு பாட்டை முடித்தார். ஆர்மோனியமும் நின்றது. பெண்கள் பக்கம் நிற்கவில்லை. வாத்தியம் இல்லாமலே கரையில் நிற்பவளைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் சேர்ந்துகொண்டேன், சேர்ந்துகொண்டேன் என்ன, என் தொண்டைதான் முன்னால் போனது. அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆர்மோனியத்தை மறுபடி எடுத்தார். இப்படி வாராவாரம் இழுபறியாகத்தான் அந்தச் சரணம் உயிரோடு இருந்தது.

இந்த நிலைமையில், எங்கள் சர்ச் ஆண்டு விழாவுக்கு அந்தப் பாடகரே வருகிறார் என்று போதகர் அறிவித்தார். தம்பிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெட்டின சரணத்தைப் பற்றி நேருக்கு நேர் கேட்டே தீர்வேன் என்று கிளம்பினான். வீட்டுக்காரருக்கோ அன்று காலையிலிருந்தே வயிற்று வலி. அவர் வயிற்றில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். இது என்னுடையது இல்லை என்று அந்த மனுஷர் மேடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதோடு அந்தச் சரணத்தை யாரும் வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரருக்கு அதுதான் பயம். கஷாயம் வைத்துக் கொடுத்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாடகர் ஒல்லியாக, எங்கள் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் மாதிரி இருந்தார். நாலைந்து பாட்டுக்குப் பிறகு படகுப் பாட்டை எடுத்தார். இரண்டு சரணம் முடித்துப் பல்லவிக்கு வந்து கையைக் கூப்பினார். எங்கள் ஜனம் விடவில்லை. சர்ச் முழுக்க, குழந்தைகள் உட்பட, கரையில் நிற்பவளை எடுத்துவிட்டது. அவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு கீபோர்டுக்காரப் பையனைக் கையமர்த்திவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

முடிந்ததும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். என் தம்பி எழுந்து, நீங்கள்தான் ஐயா சிதம்பரத்தில் பாடினீர்கள், நானே கேட்டேன் என்றான்.

"நான் பாடலையே தம்பி" என்று அவர் சிரித்தார். "படகுல இருக்கிறவன பத்தி ரெண்டு சரணம் வந்துச்சு. மூணாவது எனக்கு வரவே இல்ல. ஒரு வருஷம் உக்காந்து பாத்தேன். வரல. அப்படியே பதிவு பண்ணிட்டேன்."

தம்பி உட்கார்ந்த வேகத்தில் நாற்காலி பின்னால் நகர்ந்தது. குழு அண்ணன் மேல் விட்டத்தைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தூண் பக்கம் திரும்பினேன்.

பாடகர் அந்தச் சரணத்தை மெல்ல மைக்கில் பாடிப் பார்த்தார். மறுபடி பாடினார். மற்ற இரண்டு சரணத்திலும் கடைசியில் பல்லவிக்கு இழுத்துப்போகும் குட்டி வரி ஒன்று உண்டு. இதில் அது இல்லை. எங்கள் ஆட்கள் அந்த இடத்தை ஆர்மோனியத்தால் நிரப்பிவிடுவார்கள்.

"இங்க ஒரு வரி குறையுதே" என்றார் அவர், யாரிடமும் கேட்பதுபோல இல்லாமல். "எழுதினவங்க விட்டுட்டாங்களா, பாடினவங்க விட்டுட்டாங்களா?"

"விடலைங்க."

தூணுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டிருந்தார். தான் நிற்பதே அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"அந்த எடத்துல எதுவும் வாசிக்கக் கூடாதுங்க. சும்மா நிக்கணும். அவ இன்னும் காத்துக்கிட்டுத்தானங்க இருக்கா."

பாடகர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, நடுவழியாக நடந்து, கடைசி வரிசைவரை வந்தார். அதை இவர் வாய்க்கு நேராகப் பிடித்தார். இவர் பாடினார். குளியலறைக் குரல்தான். நாலு வரி முடிந்ததும் நிறுத்தினார். ஆர்மோனியம் வரவில்லை. ஐந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அதற்கப்புறம்தான் அந்தப் பாடகர் பல்லவியை எடுத்தார்.

பக்கத்தில் இருந்த குழு அண்ணன் மனைவி என் முழங்கையைச் சுரண்டினாள்.

"யாருங்க அது? உங்க வீட்டுக்காரர் மாதிரி இருக்கு?"

"மாதிரி என்னா மாதிரி. அவரேதான்" என்றேன். கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாலும் சத்தமாகத்தான் சொன்னேன். முன் வரிசைப் பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஒரு தடவை சொன்னேன்.