ஷ்வேக்கு ஒரு டாக்டர்

இந்த ஊரில் என் பூனையைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "எலி பிடிக்குமா?" என்பதுதான். பெயரைக் கேட்டவர்கள் இந்த மூன்று வருஷத்தில் ஐந்தே பேர்; அதில் ஒருவர் வீடு தவறி வந்த தபால்காரர். ரங்கூனில் நாம் குடியிருந்த தெருக்களில் முதலில் பெயரைக் கேட்பார்கள், அடுத்து மீன் தின்றாயிற்றா என்பார்கள். அங்கேயே தங்கிவிட்ட நண்பர்களுக்கும், என்னைப் போலக் கப்பலேறி வந்து தமிழ்நாட்டில் ஆளுக்கொரு மூலையாகச் சிதறியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஷ்வேக்கு உடம்பு சரியில்லை.

ஷ்வே என்றால் பர்மியப் பேச்சில் தங்கம். துறைமுகத்தில் சோதனை போட்டவர் என் மனைவி சிவகாமியின் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி வாங்கிக்கொண்டார். பிறகு பிரம்புக்கூடைக்குள் விரலை விட்டு ஷ்வேயின் கழுத்தைச் சொறிந்து, போ என்று அனுப்பிவிட்டார். சிவகாமியின் அப்பா வழிச் சொந்தம் இருந்ததால் காஞ்சிபுரம் வந்தோம். சொந்தம் ஏழு மாதத்தில் அலுத்துக்கொண்டது. நெசவாளர் தெருவில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் விடிந்ததிலிருந்து தறி அடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் ஷ்வேயின் இடது காது ஒரு முறை துடிக்கும்.

இவளுக்கு வயது பதினான்கு. போன மார்கழியில் மீனை முகர்ந்துவிட்டு நகர்ந்துபோனாள். தூங்கும்போது விலா ஏறி இறங்கிய வேகமும் எனக்குச் சரியாகப் படவில்லை. மூச்சை எண்ணக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ரங்கூன் மிருக வைத்தியர். ஸயா என்போம் அவரை. கூடையைத் தரையில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டு, தேநீர் குடிக்க உட்கார்ந்துவிடுவார். பூனை தானாக வெளியே வந்து அவர் லுங்கியை முகரும்வரை தொடமாட்டார். "பயந்த உடம்பு பொய் சொல்லும்" என்பார். அதுவரை என்னை மூச்சை எண்ணச் சொல்வார். சும்மா இருக்கத் தெரியாத மனிதன் என்று என்னைக் கண்டுகொண்டிருக்க வேண்டும். அப்படி ஒருவரை இங்கே எங்கே தேடுவது?

கால்நடை ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் பதினோரு மாடுகள். டாக்டர் ஷ்வேயை மேசைமேல் நிறுத்திப் பார்த்தார். அவள் நடுங்கினாள். "வயசாயிடுச்சு பெரியவரே. ஒரு ஊசி போட்டா கஷ்டமில்லாம தூங்கிடும்" என்று அன்பாகத்தான் சொன்னார். அவரை நான் குறை சொல்லவில்லை. கூடையை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ஓரிக்கையில் ஒரு மாட்டு வைத்தியர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். சூடு போட அடுப்பில் கம்பி காய்ந்துகொண்டிருந்தது. வாசலோடு திரும்பினேன்.

பக்கத்துத் தறிக்காரர் ஏகாம்பரத்துக்கு இதெல்லாம் நல்ல வேடிக்கை.

"இன்னா பெரியவரே, பூனைக்கு டாக்டர் தேடிக்கினு ஓரிக்கை வரைக்கும் போனீங்களாமே?"

"போனேன்."

"எங்க வூட்டுப் பூனைக்குக் கஞ்சித் தண்ணியோட சரி. வயிறு ரொம்பிட்டா அது ஏன் எலிய தேடுது? எலி தறியில இழுத்துக் கட்டின பாவு நூல்ல வாய வெச்சிதுன்னா பட்டு பூடும், என் பொழப்பும் பூடும்."

அவர் வீட்டில் வேலை செய்யாத உயிர் கிடையாது, அவரையும் சேர்த்து. ஆனால் வழி சொன்னதும் அவர்தான். "பெரிய காஞ்சிபுரத்துல பாத்திரக்கடை நயினார் இருக்காரு இல்ல, அவரு புள்ள மாட்டு டாக்டர்பா. சாயங்காலம் வூட்லதான் இருப்பாரு."

சமணக் குடும்பத்தாரை இங்கே நயினார் என்கிறார்கள். எறும்பையும் மிதிக்காதவர்கள். அப்படியானால் ஊசிப் பேச்சே எடுக்கமாட்டார் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினேன்.

"எனக்கு விஷக்காய்ச்சல் வந்தப்போ எத்தனை மூச்சுன்னு எண்ணினீங்களா?" என்றாள் சிவகாமி, கூடையில் துணியை விரித்துக்கொண்டே. எண்ணியிருந்தேன். கூடையைத் தூக்கிக்கொண்டேன்.

பாத்திரக்கடைக்குப் பின்கட்டில் போய் நின்றபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். "மூடியத் தொறந்து வெச்சிட்டு உக்காருங்க ஐயா. எங்க வழக்கப்படி பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடணும்" என்று உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம். உயிருக்குப் போராடுகிற ஜீவனைத் தரையில் போட்டுவிட்டுச் சாப்பாடா? ஆத்திரத்தில் எதிர்ச் சுவரில் அடுக்கியிருந்த பித்தளைக் குடங்களை எண்ணினேன். முப்பத்திரண்டாவது குடத்தில் ஷ்வே வெளியே வந்தாள். வாசலில் கிடந்த டாக்டரின் செருப்பை முகர்ந்தாள். அவர் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தபோது செருப்பின்மேலேயே உட்கார்ந்திருந்தாள். அவரும் அவள் எதிரில் தரையில் குந்தினார்.

"பேரு இன்னா?"

பெயர் கேட்ட ஐந்தாவது ஆள் அவர். சொன்னேன். கூடவே, "நீங்கள் உயிரை முடிக்கிற ஊசி போடமாட்டீர்களே? உங்கள் மதத்தில்..." என்று இழுத்தேன்.

"எறும்ப மிதிக்க மாட்டோம்தான். ஆனா தாங்க முடியாத நோவ பாத்துக்கினு சும்மா நிக்கறதும் பாவந்தானே ஐயா? போடத்தான் வேணும்னா போடுவேன். இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

என் கை கூடையின் பிடிக்குப் போய்விட்டது.

"தூங்கறப்போ நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு? யாராவது பாத்திருக்கீங்களா?"

"முப்பத்தாறு, முப்பத்தெட்டு. நேற்று மத்தியானம் நாற்பது" என்றேன். கை தானாகக் கூடையை விட்டது. இந்த ஊரில் என் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கிய முதல் மனிதர். சிரிக்கவும் இல்லை. குழாயை அவள் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். "நெஞ்சுல நீர் கோத்துக்கினு இருக்குது" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். "தெனம் காலைல சத்தமில்லாத எடத்துல தூங்கறப்போ எண்ணுங்க. நாப்பதத் தாண்டினா இங்க தூக்கிக்கினு வராதீங்க. ஆள் அனுப்புங்க, நான் வரேன். எது செய்யறதா இருந்தாலும் அது படுக்கற எடத்துலதான்."

ஊசியே போடாதவரைத் தேடிப் போனவன், இவரிடமே ஷ்வேயை ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

ஆனால் சத்தமில்லாத இடத்துக்கு எங்கே போவது? காலையில் ஷ்வே தூங்கும்போது மூச்சை எண்ண வேண்டும், தறி எப்போது நிற்கும் என்று ஏகாம்பரத்திடம் கேட்டேன். "அது நின்னா சோறு ஏது?" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை, ஷ்வே தூங்கிக்கொண்டிருக்கும்போது தறி நின்றது. நூல் அறுந்துவிட்டதாக நினைத்தேன்.

"எண்ணுங்க பெரியவரே, நிறுத்திட்டேன்" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

அன்றிலிருந்து தினமும் நிற்கிறது. நீர் மெல்ல வடிந்துகொண்டிருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று காலை என் பழைய ரங்கூன் லுங்கியில் தலையும் காஞ்சிபுரத்துத் தரையில் வாலுமாகப் படுத்திருந்தாள். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, ஸயா சொல்லிக்கொடுத்தபடியே மனதுக்குள் பர்மிய எண்களில் எண்ணினேன். திட், நிட், தோன், லே... நிஸெகோவில் நிமிஷம் முடிந்தது.

"எவ்ளோ?" என்றது சுவர்.

"இருபத்தொன்பது" என்றேன்.

"அப்ப சரி." தறி அடித்தது. ஷ்வேயின் காது துடித்தது.